கடைசி வரியில் என்ன எழுதுவது?

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஏதாவது இரண்டு விலங்குகளை எடுத்து ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். புலி சிங்கம் என்று எல்லாரும் எடுப்பதை எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு நாள் தேடி, வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் ஆழத்தில் திரியும் கிரீன்லாந்து சுறாவையும் கோஸ்டா ரிக்காவின் மேகக்காட்டில் வாழ்ந்த பொன் தேரையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். அட்டையில் நடுவே கோடு. இடப்பக்கம் சுறா, வலப்பக்கம் தேரை. வாழிடம், நீளம், நிறம், ஆயுள், இன்றைய நிலை என்று வரிசையாக எழுதியிருந்தாள். சுறாவின் ஆயுளுக்கு நேரே 512 என்று பெரிய எழுத்து. தேரையின் நிலைக்கு நேரே 'அழிந்துவிட்டது'. அதற்கும் கீழே, யாரும் கேட்காமல் தானே சேர்த்த ஒரு வரி: 'வென்றது'. "சித்தி, சுறாதான் ஜெயிச்சுது. எழுதிடவா?" என்றாள். நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன். "எழுது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு மனம் ஒப்பவில்லை. அந்தத் தேரையைப் பற்றிப் பல வருடங்களுக்கு முன்பு படித்ததிலிருந்தே எனக்குள் ஒரு துக்கம் உண்டு. அதைத் தோற்றவன் பட்டியலில் எழுத நானே கைகாட்டியது போல இருந்தது. ஆனால் துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையிடம் போய் "அழித்துவிடு" என்று சொல்ல முடியாது. ஐந்நூறு வருடம் வாழக்கூடிய ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் அளவு ஒன்று இல்லாமல் போய்விட்டது, யார் ஜெயித்தார்கள் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? எங்கே தப்பு என்று எனக்கே தெளிவாகத் தெரியாமல்தான் அன்றிரவு அவளுடைய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

512 என்ற எண்

முதலில் அந்த எண்ணையே சரி பார்த்தேன். மீன்களின் வயதைப் பொதுவாக அவற்றின் எலும்பிலோ காதுக்கல்லிலோ படியும் வளையங்களை எண்ணிச் சொல்வார்கள். பல சுறாக்களுக்கு முதுகெலும்பிலாவது அப்படி ஏதாவது கிடைக்கும். கிரீன்லாந்து சுறாவுக்கு அதுவும் இல்லை. அதன் முள்ளந்தண்டு அவ்வளவு மென்மை. அதனால் அதற்கு என்ன வயது என்பது நெடுங்காலம் வெறும் ஊகமாகவே இருந்தது. 1936இல் கிரீன்லாந்தில் அடையாளம் கட்டி விடப்பட்ட 262 செ.மீ. நீளச் சுறா ஒன்று 16 வருடம் கழித்து மறுபடி வலையில் சிக்கியது. அளந்து பார்த்தால் 270 செ.மீ. பதினாறு வருடத்தில் எட்டு சென்டிமீட்டர்! இவ்வளவு மெதுவாக வளர்வது ஐந்து மீட்டரை எட்ட எத்தனை காலம் ஆகியிருக்கும் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. விடைக்கு வழிதான் இல்லை.

வழி கண்ணுக்குள் இருந்தது. கண் வில்லையின் நடுப்பகுதி குட்டி பிறப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. அந்தப் புரதம் அதற்குப் பிறகு மாறுவதே இல்லை. அதிலுள்ள கரிமம் அந்தச் சுறா கருவாக இருந்த காலத்துக் கடலின் கரிமம். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் நீல்சனும் கூட்டாளிகளும் 28 பெண் சுறாக்களின் வில்லைகளை எடுத்துக் கதிரியக்கக் கரிமத்தை அளந்து, 2016இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலும் கடலிலும் ஒரு முத்திரையை விட்டுச் சென்றன. சிறிய சுறாக்களின் கண்ணில் அந்த முத்திரை இருந்தது. பெரியவற்றின் கண்ணில் இல்லை. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டதில், 5.02 மீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவுக்கு வந்த வயது 392, கூட்டியோ குறைத்தோ 120.

இந்த 'கூட்டியோ குறைத்தோ'வில்தான் விஷயம் இருக்கிறது. 272 முதல் 512 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதே அதன் பொருள். செய்திகள் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டன. 512 என்றால் தலைப்புக்கு நன்றாக இருக்கும் அல்லவா. ஆனால் எனக்கு என்னவோ கீழ்நுனிதான் அதிக வியப்பைத் தருகிறது. எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும் 272. முதுகெலும்புள்ள உயிர்களில் இதற்கு இணையாக வேறொன்றை நாம் அறியவில்லை. அந்த ஆய்விலேயே இன்னொரு எண் இருந்தது. அப்போது அதைக் கண்ணால் கடந்து போய்விட்டேன். பிறகு வருகிறேன்.

தவளை இல்லை, தேரை

அட்டையில் அவள் 'தங்கத் தவளை' என்றுதான் எழுதியிருந்தாள். அதைத் தேரை என்று திருத்தியது நான். சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. நம் மொழியில் தேரைக்கு ஒரு தனி இடம் உண்டு. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஒளிந்து, அடங்கி, ஈரத்தை நம்பி, எங்கோ ஒரு பொந்துக்குள் கிடக்கும் உயிர் என்றாலே நமக்குத் தேரைதான். பொன் தேரையும் அப்படித்தான் கிடந்தது. வருடத்தில் பெரும்பகுதி மரவேர்களுக்கும் மண்ணுக்கும் அடியில். கண்ணில் படுவது மழை தொடங்கும் சித்திரை வைகாசியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே. அதுவும் மோன்டேவெர்டே பக்கத்து மலைமுகட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில். உலகத்தில் வேறெங்கும் இல்லை.

ஜே சாவேஜ் என்ற ஆய்வாளர் 1964இல் அதைப் பார்த்தபோது தன் கண்ணையே நம்பவில்லையாம். யாரோ தேரைகளைப் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்து விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியதாம். படங்களைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. ஆண் முழுக்க ஒரே ஆரஞ்சு, ஒரு புள்ளி கிடையாது. பெண்ணோ கருத்த உடல், அதில் மஞ்சள் விளிம்பு கட்டிய சிவப்புப் பொட்டுகள். ஒரே இனம் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவோம். இரண்டும் ஐந்து சென்டிமீட்டரை ஒட்டித்தான். அவர் வைத்த இனப்பெயர் பெரிகிளீனஸ். மிகவும் பளபளப்பானது என்று கிரேக்கத்தில் பொருள். சுறாவின் பேரினப் பெயரான சோம்னியோசஸ், தூக்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சிக்கும் பளபளப்புக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறாள் எங்கள் வீட்டுப் பெண்.

நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோம். இந்தத் தேரை அப்படிக் கத்தி ஊரைக் கூட்டுவதும் இல்லை. மரவேர்களின் இடுக்கில் தேங்கும் மழைநீர்க் குட்டைகளில் ஆண்கள் வந்து குவியும்; பெண்ணுக்காகக் காத்திருக்கும். 1987இல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் அந்த முகட்டில் 1,500க்கும் மேற்பட்ட தேரைகளைக் கண்டார். பாத்திரம் கழுவும் தொட்டி அளவுள்ள ஒரே குட்டையில் 133. அந்தக் காட்சியை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மூடுபனி, கறுத்த மண், அதில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டது போல ஆரஞ்சு நிறம்.

சில நாட்களில் குட்டைகள் வற்றத் தொடங்கின. முட்டைகள் சேற்றில் காய்ந்து பூஞ்சணம் பிடித்தன. மறுபடி மழை பெய்தது, மறுபடி தேரைகள் வந்தன, மறுபடி வற்றியது. முட்டை பொரிந்து, தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற ஐந்து வாரம் வேண்டும். ஐந்து வாரத் தண்ணீர். அவ்வளவுதான் அது கேட்டது. கிரம்ப் எண்ணிய 43,500 முட்டைகளில் ஒரு வாரத்துக்கு மேல் பிழைத்த தலைப்பிரட்டைகள் 29. அடுத்த வருடம் அதே முகட்டில் ஒரே ஒரு ஆண் வந்தது. 1989 மே 15ஆம் தேதி மறுபடியும் ஒரே ஒரு ஆண். அதற்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. 2004இல் அழிந்த இனம் என்று பதிந்தார்கள்.

அறிவியல் அதைக் கண்டுகொண்டதிலிருந்து கடைசியாகப் பார்த்தது வரை 25 வருடம். அன்று அடையாளம் கட்டிய அந்தச் சுறாவின் வேகத்தில் கணக்குப் போட்டால், 25 வருடத்தில் ஒரு சாண் கூட வளர்ந்திருக்காது.

தோலும் கண்ணும்

யார் கொன்றது என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ 1986–87இல் கொண்டுவந்த வறட்சி ஒரு பக்கம். அந்தக் காட்டின் மரங்களில் தெளிவான ஆண்டு வளையம் கிடையாது. அதனால் கட்டையிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களை அளந்து பழைய ஈரத்தையும் வறட்சியையும் கணக்கிட்டார்கள். சுறாவின் வயதைக் கண்ணில் தேடிய அதே மாதிரி வேலை. 1987இன் வறட்சி எவ்வளவு கடுமை என்று அதிலும் தெரிந்தது. மலைமேல் மூடுபனி இல்லாத நாட்கள் 1970களுக்குப் பிறகு கூடிவந்ததை வேறு சிலர் சுட்டினார்கள். இன்னொரு பக்கம், 1999இல்தான் பெயரிடப்பட்ட, கைட்ரிட் வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சை. தவளை, தேரை, சாலமாண்டர் என்று இருவாழ்விகளில் 501 இனங்களின் சரிவிலும், ஏறத்தாழ 90 இனங்களின் அழிவிலும் அதற்குப் பங்கு இருப்பதாக 2019இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. வறட்சி தேரைகளை எஞ்சிய ஈரத்தில் நெருக்கித் தள்ள, அந்த நெருக்கத்தில் பூஞ்சை புகுந்திருக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அதுதான் பொருந்துகிறது.

பூஞ்சை எங்கே பிடிக்கிறது என்பதைப் படித்தபோதுதான் இந்த இரண்டு விலங்குகளின் உண்மையான வித்தியாசம் எனக்குப் புரிந்தது. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் வைத்து உறிஞ்சிக்கொள்கிறது. உப்புக்களின் வரவுசெலவும் தோல் வழியேதான். மூச்சிலும் ஒரு பங்கு அப்படியே. பூஞ்சை அந்தத் தோலைக் கெடுக்கிறது, ரத்தத்தில் உப்புக்களின் அளவு சரிகிறது, இதயம் நின்றுவிடுகிறது. உலகத்துக்கும் தனக்கும் நடுவே தேரை சுவர் எழுப்பவில்லை. காற்றின் ஈரம் அதன் ரத்தத்தின் ஈரம். சுறா வேறு மாதிரி. கடல்நீரின் உப்பு தன் உடலின் நீரை இழுத்துவிடாதபடி தசை முழுக்க யூரியாவைத் தேக்கி வைத்திருக்கிறது. யூரியா புரதங்களைக் குலைக்கும் என்பதால் அதை ஈடுகட்ட டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருள். ஆழத்தின் அழுத்தம் புரதங்களை நசுக்காமல் காப்பதும் அதே பொருள்தான். 2,200 மீட்டர் ஆழத்திலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நச்சேறிய அந்த இறைச்சியைப் பச்சையாகத் தின்ன முடியாது. பல சுறாக்களின் கண்ணில் ஒரு ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டே இருக்கும். அதையும் சுமந்துகொண்டு, நாம் மெதுவாக நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக நீந்திப் போகிறது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் வென்றது சுறாதான் என்றே எனக்கும் மறுபடி தோன்றியது. தன்னைத் திறந்து வைத்தது போய்விட்டது, அடைத்து வைத்தது நிலைத்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அட்டையை மூடிவிடலாம் என்று இருந்தேன்.

1910உடன் 156

மூடுவதற்கு முன் நான் முதலில் கடந்து போன அந்த எண்ணுக்குத் திரும்பினேன். பெண் கிரீன்லாந்து சுறா சுமார் நான்கு மீட்டர் நீளத்தில்தான் குட்டி ஈனும் பருவத்தை அடைகிறது. அந்த நீளத்துக்கு அதே ஆய்வு சொன்ன வயது 156, கூட்டியோ குறைத்தோ 22. நூற்றைம்பது வருடம் சிறுமி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகப் பிடித்துக் குவித்தார்கள். விளக்குக்கும் எந்திரங்களுக்கும் எண்ணெய். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே என்று பல இடங்களில், வருடத்துக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, செயற்கை எண்ணெய் வந்ததும் அந்தத் தொழில் தேய்ந்துபோனது. பழைய கதை என்று நினைத்துக்கொண்டே, கையிலிருந்த பென்சிலால் அட்டையின் பின்பக்கம் ஒரு கூட்டல் போட்டேன். 1910இல் பிறந்த குட்டி ஒன்று, தாய் வலையில் போக, தான் மட்டும் தப்பியிருந்தால் அது எப்போது தாயாகும்? 1910உடன் 156. 2066.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பழைய கதை என்று நான் நினைத்தது இன்னும் முடியவே இல்லை. அன்று கொன்றவற்றின் இடத்தை நிரப்ப வேண்டிய பெண்கள் இன்னும் பருவத்துக்கே வரவில்லை. இன்று குட்டி ஈனும் பெண்களெல்லாம் விக்டோரியா அரசி இருந்த காலத்திலோ அதற்கும் முன்போ பிறந்தவை. ஒரு வேட்டையின் நட்டம் அந்த இனத்தின் கணக்கில் ஏறுவதற்குள், வேட்டையாடியவனின் பேரனுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

அப்போதுதான் தேரையின் பக்கம் வேறு மாதிரி தெரிந்தது. குட்டை வற்றிய முதல் வருடம் முட்டைகள் காய்ந்தன, இரண்டாம் வருடம் ஒன்று வந்தது, மூன்றாம் வருடமும் ஒன்று, பிறகு இல்லை. மூன்றே வருடத்தில் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. அது சொன்னது கேட்கவும் பட்டது: 1989 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் ஊர்வன, இருவாழ்வி ஆய்வாளர்களின் முதல் உலக மாநாடு கூடியபோது, எங்கள் பக்கத்திலும் தவளைகளைக் காணோம், எங்கள் பக்கத்திலும் காணோம் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். இதே நிலை சுறாவுக்கு வந்தால் எப்படி இருக்கும்? இந்த வருடத்திலிருந்து ஒரு குட்டிகூடப் பிழைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாளை கடலுக்குப் போகிறவன் வலையில் சுறா சிக்கும். ஐம்பது வருடம் கழித்துப் போகிறவனுக்கும் சிக்கும். நூறு வருடம் கழித்தும் நான்கு மீட்டர், ஐந்து மீட்டர்ச் சுறாக்கள் பனிக்கடலின் அடியில் அசைந்து போய்க்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள், இதோ இருக்கிறதே, ஐந்நூறு வருடம் வாழக்கூடியது, இதற்கென்ன குறை என்பார்கள். கருவுற்ற பெண்ணை ஆய்வாளர்கள் பார்த்ததே மிக அரிது. குட்டிகள் வருகின்றனவா வரவில்லையா என்று எட்டிப் பார்க்க அங்கே ஒரு வேர்க்குட்டை கிடையாது.

அவளுடைய அட்டவணையில் இருந்த தப்பு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஒரு சுறா எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது ஒரு கேள்வி. சுறா என்ற இனம் இருக்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டோம், அவளும் நானும். தேரையின் ஆயுள் சின்னது என்பதால் அது அழியவில்லை. எத்தனையோ ஆயிரம் மழைக்காலங்களை அந்தச் சின்ன ஆயுளை வைத்தே தாண்டி வந்த பரம்பரை அது. அதன் கடைசியை நாம் பார்க்க முடிந்தது, அவ்வளவே. சுறாவின் கணக்கில் 1987 நேற்று. அதற்கு இன்னும் விடை வரவில்லை. 2020இல் அழியும் வாய்ப்புள்ள இனம் என்று அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இறாலுக்கும் தட்டைமீனுக்கும் போடும் வலைகளில் இன்றும் தற்செயலாகச் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டும் இரண்டு உலகங்கள் என்று நினைத்துத்தானே நடுவில் கோடு போட்டாள். 2022இல் பெலீஸ் நாட்டுக் கடலில், பவளத்திட்டை ஒட்டிய ஆழத்தில் போட்ட தூண்டிலில் ஒரு சுறா சிக்கியது. சோம்னியோசஸ் பேரினத்தைச் சேர்ந்தது; கிரீன்லாந்து சுறாவாகவோ, அதன் கலப்பாகவோ இருக்கலாம் என்றார்கள். கரீபியக் கடல் மேலேதான் வெதுவெதுப்பு, அடியில் குளிர் அப்படியே இருக்கிறது. மோன்டேவெர்டேயின் மேகத்தைக் கொண்டுவருவதும் அதே கரீபியக் கடலின் மேல் வீசும் காற்றுதான். தேரை கேட்ட அந்த ஐந்து வாரத் தண்ணீர் அந்தக் கடலிலிருந்துதான் ஏறி வரவேண்டியிருந்தது.

காலையில்

காலையில் அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நீளமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நடுவில் இரண்டு முறை தோசைக் கரண்டியோடு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். 512ஐ அடித்துவிட்டு '272 முதல் 512 வரை' என்று எழுதினாள். 29 தலைப்பிரட்டைகளைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. 'வென்றது' என்ற வரியை ரப்பரால் அழித்தாள். அழித்த இடம் அழுக்காக, வெறுமையாகத் தெரிந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "இங்க வேற என்ன எழுத சித்தி? ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு வேணும்" என்றாள். எனக்கும் சட்டென்று வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அந்தக் கடைசித் தேரை வந்துச்சே, மே பதினஞ்சு, அன்னிக்கு ஒரு சுறாக்குட்டி பொறந்திருந்தா அது எப்ப அம்மா ஆகும்?"

அட்டையைத் திருப்பி, நான் இரவில் போட்ட கூட்டலுக்குக் கீழேயே 1989 என்று எழுதினாள். அதற்குக் கீழே 156. ஒன்பதும் ஆறும் பதினைந்து, மிச்சம் ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கூட்டினாள். 2145. முன்பக்கம் திரும்பி, அழித்த வரியில், கோட்டுக்கு இந்தப் பக்கம் 1989 என்றும் அந்தப் பக்கம் 2145 என்றும் எழுதினாள். எது எதற்கு என்று தலைப்பு எதுவும் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.